உப்புப் பூத்த பேட்டரியும் சந்தனப் பொட்டும்

பேட்டரி கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர்கள் யாரும் கிடையாது. காலை அவசரத்தில் சாவியைத் திருப்பி, 'டிக்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே! கள்ளக்குறிச்சியில் கடை போட்டிருக்கும் எனக்கு அந்த முகங்கள்தான் தினமும் போணி.

பொங்கி வழிந்தது

மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி ஒருவர் டிராக்டரில் கட்டித் தன் காரை இழுத்துக்கொண்டு வந்தார். பானட்டைத் திறந்தால், டெர்மினல் இரண்டிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பே தெரியவில்லை. "இத்தனை நாள் பார்க்கவே இல்லையா?" என்றேன். பார்த்திருக்கிறார். யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவும் போட்டிருக்கிறார்.

"சார்ஜ் ஜாஸ்தியாயி வெளிய வழியுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாய்."

ஆப்பசோடா

மலைமேல் கரியாலூரில் ஜீப் ஓட்டும் சின்னசாமிக்கு நானே பாடம் எடுத்தேன். முதலில் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, கிளாம்ப்பை இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின். அவர் மனைவி செல்விக்கு நிறைமாதம். மலையை விட்டு ஆஸ்பத்திரிக்கு இறங்க அந்த ஜீப்தான் கதி என்பதால் மனிதர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மறுவாரம் செல்வியே போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்த சோடா பூரா வண்டிக்கே ஊத்திட்டாரு பாய், வாய்க்கு ருசியா ஒரு ஆப்பம் கேட்டா எனக்கு இன்னா ஊத்துவாரு?"

பூஜை போட்ட பேட்டரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை சின்னசாமி போன் செய்தார். செல்விக்கு வலி எடுத்துவிட்டது. அவளை ஏற்றி உட்கார வைத்தால் ஜீப் 'டிக்' என்பதோடு சரி. தள்ளி எடுக்கலாம் என்றால் வண்டி நிற்பது வீட்டுப் பின்னால் பள்ளத்தில்.

"நேத்துதான் பாய் சுத்தம் பண்ணேன். சந்தனம் கொழைச்சு, குங்குமம் வெச்சுதான் மாட்டினேன்" என்றார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் பேட்டரி பெட்டியின் மேலே வைப்பார்கள். இவர் கிளாம்ப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஈயக் குமிழிலேயே வழித்துத் தடவி, அதன்மேல் கிளாம்ப்பை மாட்டியிருக்கிறார். காய்ந்த சந்தனத்தைத் தாண்டி கரன்ட் எங்கே போகும்? "கழட்டிச் சுரண்டுங்க!" என்று கத்தினேன்.

மனிதர் தயங்கினார். "நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்கலாமா பாய்?" இதற்குப் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரன் நான் என்ன தீர்ப்பு சொல்வது? அதற்குள் ஜீப்பிலிருந்து செல்வி போட்ட சத்தம் என் காது வரை வந்தது.

"அந்தப் பொட்ட சுரண்டி என் நெத்தில வெச்சிட்டு வண்டிய எடுய்யா!"

ஜீப் கிளம்பிவிட்டது, பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்துவிட்டது, நானும் வாசலினோடு சந்தனத்தை எங்கே தடவக் கூடாது என்பதையும் சேர்த்தே இப்போது பாடம் நடத்துகிறேன்.