தனி ஆளுக்கு ரூம் இல்லை

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜ் மேனேஜர் என் முகத்தைப் பார்த்து, 'இந்த ஆள் சாகத்தான் வந்திருக்கிறான்' என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் போனது கல்வராயன் மலைக்கு. அங்கே கல்திட்டைகள் இருக்கின்றன. ஆதி மனிதர்கள் செத்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து மூடிக் கட்டிய வீடுகள். எத்தனை ஆயிரம் வருஷம் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இடிபாடு என்றால் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு பைத்தியம். எந்த ஊருக்குப் போனாலும் நான் கல்லைப் பார்ப்பேன், அவள் ரூம் பார்ப்பாள். பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்!

சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். "வீட்டுக்குள்ளேயே கிடக்காதே, எங்கேயாவது போய் வா" என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போனேன்.

மழை ஏமாற்றிய வருஷம். கரடு முழுக்கப் பாலைவனமாகக் காய்ந்து கிடந்தது. பாதிக் கற்கள் சரிந்துவிட்டன. புதையல் ஆசையில் யாரோ ஒரு திட்டையின் அடியைத் தோண்டி, அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். நின்றிருந்த ஒன்றின் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. எட்டிப் பார்த்தேன். சருகு, மண், ஒரு சிப்ஸ் பாக்கெட். "போதும், கிளம்பலாம் வாங்க" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. எப்போது கிளம்புவது என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மலை மேல் இருக்கும் வெள்ளிமலை ஊரிலேயே தங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். டீக்கடைக்காரர் சிரித்தார்.

"இங்க தங்கறதுக்கு இன்னா சார் இருக்குது? கடைசி பஸ்ஸு வந்துக்கினு இருக்குது. கீழ போயிடுங்க."

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முதல் லாட்ஜ். "ஃபேமிலியா?" என்றார்கள். "இல்லை, நான் மட்டும்தான்." ரூம் இல்லையாம். கவுண்டரில் இருந்தவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன... அடுத்த லாட்ஜிலும் அதே கேள்வி, அதே பதில்.

மூன்றாவது லாட்ஜில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவி தொங்குது, ரூம் இல்லைங்கறீங்க. நான் என்ன திருடனா?"

மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. "கோச்சிக்காதீங்க சார். சிங்கிளா வரவங்களுக்கு நாங்க ரூம் குடுக்கறதில்லீங்க. படுக்கறவங்க காலைல எழுந்திருக்கலேன்னா யாரு சார் பதில் சொல்றது? எங்களுக்கு அந்த அனுபவம் ஜாஸ்தி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இன்னா விஷயமா வந்தீங்க?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். கல்யாணம், கோர்ட் கேஸ், கோயில்... எத்தனை இல்லை? திருக்கோவிலூருக்குப் பெருமாளைப் பார்க்கப் போகிறேன் என்றிருந்தால்கூடப் போதும். நான் உண்மையைச் சொன்னேன். "மலை மேல பழைய சமாதிங்க இருக்கு. பார்க்க வந்தேன்."

"வூட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

"வீட்டுல யாரும் இல்லைங்க."

அவர் என் தாடியைப் பார்த்தார். தோளில் தொங்கிய சின்ன ஜோல்னாப் பையைப் பார்த்தார். "உங்க சொந்தக்காரங்க யாருக்காச்சும் போன் போடுங்க. நான் பேசணும்" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்கப்பாவா? நல்ல ஆளைப் பிடிச்சீங்க!" என்று சொல்வாள், மேனேஜருக்கும் அசடு வழியும், சாவி வந்துவிடும்... அதுதான் என் கணக்கு.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா இப்போ உங்க பக்கத்துலதான் இருக்காங்களா?" என்று கேட்டாள். பிறகு, "அண்ணா, ரூம் குடுத்துடுங்க. வெளியில விட்டுடாதீங்க. கொஞ்சம்... பார்த்துக்குங்க. உங்க நம்பர் குடுங்க" என்றாள்.

அப்படியானால் இத்தனை மாதமாகத் தினமும் "சாப்டீங்களாப்பா?" என்று அவள் கேட்டதற்கு அர்த்தமே வேறா?

கிடைத்த ரூம் கவுண்டருக்கு அடுத்தது. கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. தனி ஆட்களுக்கு என்றே வைத்திருக்கும் ரூம் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கதவு தட்டினார், சோப்பு. மறுபடியும் தட்டினார், குடிதண்ணீர். "டிபன் இன்னா வாங்கியாரட்டும்?" என்று இன்னொரு தடவை.

எரிச்சலாக இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆளா? முகம் கழுவிக்கொண்டு மாற்றுச் சட்டைக்குப் பையில் கையை விட்டேன். துண்டும் மாத்திரையும்தான் இருந்தன. ராத்தங்கல் என்று தெரிந்தே கிளம்பியவன் நாளைக்கு ஒரு சட்டை ஏன் எடுத்துவைக்கவில்லை? அவள்தான் எப்போதும் பை கட்டுவாள், அதனால் மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தானா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது. இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் மேனேஜரே டீயோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"நல்லா தூங்கினீங்க சார். நான்தான் தூங்கல. உங்க பொண்ணு ராத்திரி பூரா போன் பண்ணிக்கினே இருந்துச்சு. நான் சொன்னா நம்பல. கடைசில கதவைத் தொறந்து, போனை உங்ககிட்ட நீட்டிப் பிடிச்சேன். நீங்க கொறட்டை வுட்டுக்கினு இருந்தீங்க. அதைக் கேட்டு அழுதுச்சு பாருங்க... அப்புறந்தான் வச்சிச்சு."

டீயை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

என் குறட்டையைக் கேட்டு ஒருவர் நிம்மதியடைந்தது இதுதான் முதல் தடவை.