சத்தமில்லாத அழுகை

போன ஞாயிறு ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம் கோயிலில் என் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். கோயிலே அதிரும்படி அழுதது பிள்ளை. பெற்றவளோ சிரித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்திலிருந்த அம்மாள் என் காதருகே குனிந்தார்: “என்னாங்க இது, பிள்ள துடிக்குது, இவங்க சிரிக்கிறாங்க?”

நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்… கொஞ்சம் பயமும்கூட. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தங்கை மலருக்கு ரத்த அழுத்தம் ஏறி, மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை மேல்மாடியில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில். தாய் கீழே, படுக்கையை விட்டு எழக்கூடாது என்ற கட்டளையோடு. அவள் கணவர் ரவி தெப்ராவ் வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வரும்வரை நான்தான் துணை.

அந்த வார்டில் எல்லாத் தாய்மார் பக்கத்திலும் தொட்டில். மலர் பக்கத்தில் மட்டும் நாற்காலி. அதில் நான்.

ஒரு மத்தியானம். தொட்டில்கள் எல்லாம் தூக்கத்தில். மலர் கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, பாப்பா அழுவுறா.”

“எந்தப் பாப்பா?”

“எம் பாப்பாதான். ஒனக்குக் கேக்கல?”

“மருந்து மயக்கம்லா அது. படு.”

“போய்ப் பாத்துட்டு வாக்கா.”

கெஞ்சவில்லை, பதறவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை எழுப்பியது.

அந்தப் பிரிவில் அப்பா அம்மாவுக்குத்தான் அனுமதி. தாய் எழ முடியாததால் எனக்குச் சலுகை. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே விட்டார்கள்.

மங்கிய வெளிச்சம். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு. மெஷின்கள்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. இத்தனை பிள்ளைகள் இருக்கிற அறையில் ஓர் அழுகைச் சத்தம்கூட இல்லையே?

மலர் மகளின் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். முகம் சுருங்கிச் சிவந்திருந்தது. மூச்சுக்காகச் செருகிய குழாயைச் சுற்றி வாய் கோணித் திறந்திருந்தது. பிள்ளை அழுதுகொண்டிருந்தது — சத்தமே இல்லாமல்.

நான் நர்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

“டியூப்பு தொண்டைக்குள்ள போகுதுல்ல அக்கா, அதான் சத்தம் வராது. எடுத்ததும் வந்துரும்,” என்றார் நர்ஸ் தெரேசா. “கைய வைங்க. தடவாதீங்க, இதுங்களுக்குத் தாங்காது. ஒரு கை தலையில, ஒரு கை காலுல. சும்மா வச்சிருந்தாப் போதும்.”

வைத்தேன். உடனே அலாரம் அலறியது. எனக்கு உயிர் போய் வந்தது. தெரேசா முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார், அப்புறம்தான் மெஷினை. காலில் நழுவியிருந்த சென்சார் பட்டையைச் சரியாகச் சுற்றினார். சத்தம் நின்றது.

மலர் சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“சில அம்மாங்க சொல்லிருக்காங்க,” என்றார். அவ்வளவுதான்.

என் கைக்கடியில் அந்த முகம் மெல்லத் தளர்ந்தது. கீழே இறங்கி வந்தேன். நான் வாயைத் திறக்குமுன் மலர் கேட்டாள்:

“நிறுத்திட்டா. யாரு தொட்டது, நீயா?”

மறுநாள் சக்கர நாற்காலியில் அவளை மேலே கொண்டுபோனோம். பெட்டி அருகே போனதும் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். “பயமா இருக்குக்கா. எதாச்சும் ஆயிருச்சுன்னா?” தெரேசாதான் அவள் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. “இன்னைக்கு நல்லா இருக்கா. நாளைக்கும் இப்படியே இருப்பான்னு சொல்ல முடியாதும்மா.” அப்படித்தான் ஆனது. கிருமித் தொற்று வந்தது. ஏறிய எடை இறங்கியது. ரவி கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. மலர் பிழிந்து கொடுத்த தாய்ப்பால் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைக்குள் இறங்கியது.

ஒருநாள் குழாயை எடுத்தார்கள். பிள்ளை வாயைத் திறந்தது. பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம்… ரவி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். மலர் சிரித்தாள். அன்று பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டாள்.

“அக்கா… அன்னைக்கு நான் கேட்டது இந்தக் குரல் இல்ல.”

“பின்ன யாரோடது?”

அவள் கதவுக் கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மருந்து மயக்கம் என்பீர்கள். தற்செயல் என்பீர்கள். இருக்கலாம்.

ஆனாலும் ஒரு தாய் ‘என் பிள்ளை அழுகிறது’ என்றால், முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள். எப்படிக் கேட்டது என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.