நம்பர் மேல் வைத்த பொட்டு

மலாயாவில், எங்கள் தங்கா பத்து ஊரில் முதல் ஸ்கூட்டர் என்னுடையதுதான். ரப்பர் மரம் சீவிய கையால் கடை வைத்து, இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்தேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நாட்கள் அவை. நம்பர் இல்லாத வண்டியைச் சாலைத் தடுப்பில் பட்டாளத்துக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். நம்பர் வேண்டுமென்றால் முதலில் இன்சூரன்ஸ் வேண்டும். பூசை போட்ட கையோடு வண்டியை லோரியில் ஏற்றி மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோனேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம். ஒல்லியான ஆள். பேனாவைத் தலையிலிருந்த சொங்கோக் தொப்பிக்குள் செருகி வைத்திருப்பார். எழுத மட்டும் எடுப்பார். சுங்கத் தாளோடு இன்ஜின் நம்பரை ஒத்துப்பார்க்க வாசலுக்கு வந்து குனிந்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நம்பர் மேல சந்தனம் அப்பியிருக்கு. நீங்களே தொடச்சிடுங்கண்ணே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் பாய், எங்க சாமி பொட்டத் தொட்டா உங்க கை தேஞ்சிடுமோ?"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரல் உயரவில்லை.

"சாமிக்கு வச்சத நான் எப்படிண்ணே அழிக்கிறது? ஓட்டப்போறது நீங்கதானே லா."

வேட்டி முனையால் நானே துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நம்பரை எழுதி, முத்திரை குத்தித் தந்தார்.

"லைட்டு மேல ஒரு பொட்டு வச்சுக்குங்கண்ணே. அங்க நம்பர் கிடையாது."

பேசியே முன்னுக்கு வந்தவன் நான். எத்தனை துரைமார்களிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறேன்! அன்று மட்டும், அவர் முகத்தைப் பார்க்காமலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.