மெஷின் நடந்த நடை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. சிகிச்சை மையத்தில் அவர் இடுப்பில் வார் கட்டித் தூக்கி, நகரும் பட்டையின் மேல் நிறுத்தி, கால்களில் ரோபோவின் இரும்புக் கால்களை மாட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் வாத்தியார் ராஜநடை நடந்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து மீசையைக்கூட முறுக்கிக்கொண்டார்.

"பாத்தியா? முதல் நாளே நடந்துட்டேன்!"

பயிற்சி தரும் பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "சார், நடந்ததெல்லாம் மெஷின்தான். நீங்க சும்மா தொங்கிட்டு வந்தீங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாத்தியாருக்கு முகம் சுருங்கிப்போனது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சிக் காரில் தன் பக்கம் இருக்கும் பிரேக்கை ரகசியமாக மிதித்துக்கொண்டே எத்தனை பேரிடம் 'சூப்பரா ஓட்டுறீங்க' என்று புளுகியிருக்கிறார்!

"அப்போ நான் இன்னும் எல் போர்டுதான். மெஷினைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லும்மா" என்றார்.

அவள் மெஷினின் உதவியைக் குறைத்தாள். இடது கால் முரண்டு பிடித்தது. பட்டை நின்று நின்று நகர்ந்தது. மாணவர்களிடம் கத்திய கத்தலையெல்லாம் வாத்தியார் வாரக்கணக்கில் தன் காலிடமே கத்தினார். "தூக்குடா! பயப்படாம தூக்கு!"

ஒரு நாள் காலையில் அந்தக் கால் தானாகவே எழும்பி, கோணலாக முன்னால் போய் விழுந்தது.

"இது உங்க அடி சார்" என்றாள் அந்தப் பெண்.

பெருமையடிக்க மனைவி பக்கம் திரும்பினார் வாத்தியார். ஆனால் அழுகை முந்திக்கொண்டது.