இரண்டாம் தொட்டியின் சாட்சி

வேலுசாமி ரம் ஆலையில் சேர்ந்தது 1984ஆம் வருடம் ஆவணி மாதம். அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எட்டு வருடம் இருந்தான். வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்ற பதினொரு பேரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரில் அவனும் ஒருவன். இரண்டு வருடம் மாந்தோப்பில் காவல், மார்க்கெட்டில் மூட்டை என்று கிடைத்ததைப் பார்த்தான். அப்போதுதான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் ஆலை வருகிறது என்று பேச்சு அடிபட்டது.

ஆலையில் காய்ச்சியது கரும்பு ரம். பாட்டிலில் கொம்புள்ள மிளா மானின் தலைப் படம். கடைகளில் ‘மிளா ஒண்ணு’ என்றே கேட்டு வாங்கினார்கள். சர்க்கரை ஆலைகளிலிருந்து கழிவுப்பாகு டேங்கர் லாரிகளில் வரும். அதில் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து நான்கு பெரிய இரும்புத் தொட்டிகளில் புளிக்க விடுவார்கள். வேலுசாமிக்கு அந்தத் தொட்டிக் கொட்டகையில்தான் வேலை. கூட்டாளி மொக்கைச்சாமி, அவன் ஊர்க்காரன், பக்கத்துத் தெரு. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்து போனார்கள்.

புளித்ததை வடித்த பிறகு தொட்டியின் அடியில் முழங்கால் ஆழத்துக்கு வண்டல் நிற்கும். ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். ஆனால் புளிக்கும்போது உண்டாகும் வாயு, காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது. அதனால் முதலில் ஒரு சிம்னி விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால், மின்விசிறியை வைத்து அரைநாள் ஊத விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆலை தொடங்கியபோது வந்திருந்த வடநாட்டு எஞ்சினியர் இதை அவர்களுக்குச் செய்தே காட்டிவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாம் வருடமே ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் தேயிலைச் சாறு மாதிரி ஆகிவிட்டது. அங்கே விவசாயம் பார்த்த சம்சாரிகள் தண்ணீரைச் செம்பில் மொண்டுவந்து கேட்டில் நின்றார்கள். “குடிச்சிக் காட்டுங்க” என்று கேட்டார்கள். மேனேஜர் வைகுண்டராஜ் சரிசெய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். தண்ணீர் தெளியவே இல்லை. ஆனால் ஆலை நன்றாக ஓடியது. சுற்றுப்பட்டு ஊர்களில் முந்நூறு வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதால் சத்தம் பெரிதாகவில்லை.

1988 மார்கழியில் மொக்கைச்சாமி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால். கொட்டகையில் எல்லோரும் அவனைச் சாமி என்று கூப்பிட்டார்கள்.

“சாமி, ரம் காய்ச்சுற எடத்துல மாலையா?” என்று யாரோ கேலி செய்ததற்கு, “நான் தொட்டியத்தான கழுவுதேன், குடிக்கவா செய்யுதேன்?” என்றான். மாலை போடாத மாதங்களிலும் அவன் குடித்ததில்லை. வேலுசாமிக்கு அது நன்றாகத் தெரியும். குடிப்பவன் வேலுசாமிதான்.

இருமுடி கட்ட ஆறு நாள் இருந்தபோது அது நடந்தது. பொங்கல் ஆர்டருக்காக டேங்கர்கள் வெளியே வரிசையாக நின்றன. இரண்டாம் தொட்டி காலியாகி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வேலுசாமி விளக்கை இறக்கினான். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது.

“அணைஞ்சிருச்சு சார்.”

ஷிப்ட் ஆபீசர் தனுஷ்கோடி மேலே ஏறிவந்தார். “காத்துல அணைஞ்சிருக்கும். இன்னொரு தரம் விடு.”

இரண்டாவது தரமும் அணைந்தது.

“விசிறிய வைக்கணும் சார். சாயந்தரம் வரைக்கும் ஆகும்.”

“சாயந்தரம் வரைக்கும் வெளிய நிக்கிற லாரிக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ? ஏலே, அடிவால்வு அடைச்சிருக்கு, அத மட்டும் குத்திவிட்டா தண்ணி பாஞ்சு தன்னால கழுவிரும். ரெண்டு நிமிச வேல.”

வேலுசாமி வால்வு குத்தும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முறைப்படி இறங்க வேண்டியது அவன்தான். மொக்கைச்சாமி அவன் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டான். “மூச்சப் பிடிச்சிக்கிட்டு எறங்கி ஏறிருதேன் சாமி. நீரு ஏணியப் பிடியும்.”

கீழே போனவன் வால்வை இரண்டு தரம் குத்தினான். மூன்றாவது தரம் கையை ஓங்கியவன் அப்படியே உட்கார்ந்தான். களைத்துப்போன ஆள் வரப்பில் உட்காருவது போலத்தான் இருந்தது. பிறகு முகம் வண்டலில் சாய்ந்தது. வேலுசாமி கத்திக்கொண்டே ஏணியில் நாலு படி இறங்கினான். மூச்சு நெருப்பாகக் காந்தியது, கண் இருட்டியது. யாரோ சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். மொக்கைச்சாமியைக் கொக்கி போட்டுத் தூக்க இருபது நிமிடம் ஆனது. தூக்கும்போது மாலை அறுந்து மணிகள் சேற்றில் விழுந்தன.

மறுநாள் வைகுண்டராஜ் வேலுசாமியை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான்கு வருடத்தில் அன்றுதான் அவன் அந்த அறையில் உட்கார்ந்தான். மேசையில் டைப் அடித்த தாள் இருந்தது. மொக்கைச்சாமி வேலை நேரத்தில் குடித்திருந்தான், வேலுசாமி தண்ணீர்க் குழாய் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து யார் சொல்லையும் கேட்காமல் தொட்டிக்குள் இறங்கிவிட்டான் என்று அதில் இருந்தது.

“அவன் மாலை போட்டிருந்தான் சார்.”

“போனவன் போயிட்டான். அவன் பொண்டாட்டிக்கு பாட்டில் கழுவுற செக்‌ஷன்ல வேலை போட்டுத் தாரோம். ஒனக்கு மேஸ்திரி வேலை. கையெழுத்துப் போடலேன்னா, நீதான் விளக்கு வைக்காம எறக்கிவிட்டேன்னு கேஸு போகும். ஏற்கெனவே மில்லுல ஒன் பேரு எப்படின்னு எங்களுக்குத் தெரியும்.”

வேலுசாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மனைவி முத்தாத்தாள் அப்போது மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டான்.

ஊரில் பேச்சு பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெறுமனே குடித்துச் செத்திருந்தால் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். மாலையோடு குடித்தான், சாமி கேட்டுவிட்டது என்றார்கள். மொக்கைச்சாமியின் மனைவி அழகுத்தாய் பதினாறாம் நாள் முடிந்ததும் பாட்டில் கழுவ வந்தாள். முதல் நாளே வேலுசாமியிடம் வந்து, “அண்ணே, நீங்க சொல்லித்தான் வேல குடுத்தாகன்னு மேனேஜர் சொன்னாரு. ஒங்க பிள்ளைக நல்லா இருக்கணும்” என்றாள். அன்று அவன் கொண்டுபோன சோற்றைக் குப்பையில் கொட்டினான்.

ஆறு வருடம் அவளைத் தினமும் பார்த்தான். அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவான். குடி அதிகமானது. முத்தாத்தாளுக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

1995இல் அழகுத்தாயின் மூத்த மகளுக்கு வத்திராயிருப்பில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பூ வைத்த பிறகு அந்த வீட்டார் பின்வாங்கினார்கள். மாலை போட்டுக்கொண்டு குடித்துச் செத்தவன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அழகுத்தாய் நேராகத் தொட்டிக் கொட்டகைக்கு வந்தாள்.

“அண்ணே, நீங்கதான் பக்கத்துல நின்னீக. அவுக மெய்யாவே குடிச்சிருந்தாகளா?”

“இல்ல தாயி.”

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

“விளக்கு எத்தன தரம் அணைஞ்சது?”

“ரெண்டு தரம்.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலுசாமி மறுநாள் வேலைக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். “அப்பப் பொய் சொன்னதுக்கு மொதல்ல ஒன்னயத்தான் உள்ள வைக்கணும்” என்றார் அங்கே இருந்தவர். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். ஆலையில் அந்த வாரமே அவனை நீக்கினார்கள். அழகுத்தாய் மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டாள். வேலுசாமி மூன்று தரம் சாட்சிக்குப் போனான். வாய்தாதான் கிடைத்தது. தனுஷ்கோடி எப்போதோ வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். 1996இல் கிணற்றுத் தண்ணீர் விவகாரத்தில் ஆலையை மூடினார்கள். தொட்டிகளைக் காஸ் வைத்து வெட்டிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். நீதிமன்ற நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அந்த வழக்கு பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வத்திராயிருப்புக்கும் வேலுசாமி போனான். மாப்பிள்ளையின் தகப்பனார் காப்பி கொடுத்து முழுக்கக் கேட்டார். “அன்னைக்கும் நீருதான் சொன்னீரு, இன்னைக்கும் நீருதான் சொல்லுதீரு. எத நம்புறது?” என்றார்.

கடைசியாக, 1996 பங்குனியில் கோயில் பொங்கலுக்கு வரி பேச ஊர் கூடியபோது எழுந்து நின்று சொன்னான். வேலை போன கோபத்தில் பேசுகிறான் என்றார்கள் சிலர். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முத்தாத்தாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பிள்ளைகளைச் சோறு வைக்கச் சொன்னாள்.

பெண்ணுக்கு இரண்டு வருடம் கழித்துத் தூரத்தில் இடம் அமைந்தது. வேலுசாமிக்கு அழைப்பு வரவில்லை. அப்போது அவன் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரி விடுதிக்குக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தான். குடியை விட்டிருந்தான். ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு விட்டதுதான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அழகுத்தாய் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாலை போட்ட அன்று ஸ்டுடியோவில் எடுத்த மொக்கைச்சாமியின் படத்தை அவள் அத்தனை வருடமும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அதைச் சட்டம் போட்டு, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலுக்கு நேரே மாட்டினாள். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு. வேலுசாமி வேலைக்குப் போகிற வழி அதுதான். முதல் நாள் சற்று நேரம் நின்று பார்த்தான். உள்ளேயிருந்து அவளும் அவனைப் பார்த்தாள். வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தான்.