படிக்கு அடியில் பிள்ளை வண்டி

பேய் பிசாசு எல்லாம் மனப்பிராந்தி என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் இது நடந்தது. திண்டிவனத்தில், போன வருஷம் ஆவணி மாதத்தில், அதுவும் பட்டப்பகலில் நடந்தது. நடந்தது ரோஜாவுக்கு. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால் அந்த ஊரில் ஒரு வாடகை வீட்டுக்கு அவ்வளவு அலைந்திருக்க மாட்டாள்.

ரோஜாவுக்குச் சொந்த ஊர் கெடார் பக்கம். புருஷன் பிரான்சிஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு முறை கரு கலைந்து, கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை மலர்விழி. அதற்கு ஒன்று என்றால் நான் இருக்க மாட்டேன் என்று ரோஜா வாய்விட்டே சொல்வாள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும் என்றுதான் டவுனில் வீடு பார்த்தார்கள். போன இடத்தில் எல்லாம் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரிலா, காலனியிலா என்று அடுத்துக் கேட்டார்கள். காலனி என்றதும், வீட்டை நேற்றே வேறு யாருக்கோ பேசி முடித்திருப்பார்கள்.

கடைசியில் தட்சிணாமூர்த்தி என்பவர் தன் மாடியைக் கொடுத்தார். கீழே அவரும் மனைவி ருக்குவும். முன்வாசல் பக்கம் வர வேண்டாம், பக்கத்துச் சந்து வழியாகவே போய் வரலாம், படியும் அங்கேதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ருக்கு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், பாதி முகம் தெரிந்தது. ரோஜா தலையாட்டினாள். இந்த வீடும் போனால் வேறு வீடு இல்லை.

பிறகுதான் வண்டி வந்தது.

பிரான்சிஸோடு வேலை செய்த கோட்டக்குப்பத்துக்காரர் லீவில் வந்தபோது அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. நாலு சக்கரம், மேலே கூடாரம், இடுப்புக்கு ஒரு பெல்ட். தெருவில் முதல் நாள் தள்ளிப் போனபோது, தக்காளி கிலோ என்ன விலை என்று இஸ்திரிக்காரர் சக்கரபாணி கேட்டார். ரோஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தெருவில் அவளோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

வண்டியை வைப்பது எங்கே என்பதுதான் பேஜார். படியோ ஒற்றை ஆள் ஏறுகிற அகலம். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மடக்கித் தூக்கிக்கினு போ என்று பிரான்சிஸ் மஸ்கட்டில் இருந்து சுலபமாகச் சொல்லிவிட்டான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வண்டி, காய்கறிப் பையை வாயிலா கவ்வுவது? தட்சிணாமூர்த்தியிடம் கேட்டதற்கு, படிக்கு அடியில் வைத்துக்கொள் என்றார்.

படிக்கு அடியில் பகலிலும் இருட்டு. தண்ணீர் மோட்டார், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. பின்சுவரில் ஓட்டை ஓட்டையாக ஒரு சிமெண்டு ஜாலி. அதற்கு அந்தப் பக்கம் ருக்குவின் சமையல்கட்டு. ரோஜா அந்த ஓட்டைகளுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்காரர்களின் அடுப்படியை எட்டிப் பார்த்தாள் என்ற பேச்சு எதற்கு?

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கடைக்குப் போய்த் திரும்பினால் ஆடு, புலி, புல்லுக்கட்டை ஆற்றில் கடத்துகிற கணக்குதான். பிள்ளையை முதலில் மேலே கொண்டுபோனால் கட்டிலில் தனியாக விட வேண்டும். பையை முதலில் கொண்டுபோனால் பிள்ளை கீழே தனியாக இருக்கும். ஒருநாள் மதியம் மலர் வண்டியிலேயே தூங்கிவிட்டாள். தூக்கினால் விழித்துக் கத்துவாள். ரோஜா தயங்கித் தயங்கி, ஜாலியைப் பார்க்காமலே கேட்டாள்.

"ம்மா... மேல போய் பைய வெச்சிட்டு வந்துர்றேன். செத்த பாத்துக்கறீங்களா?"

 இருட்டுக்குள் இருந்து மெல்லிய குரல்.

"ம்."

ரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் வெட்கக்கேடு, ஒரு 'ம்'முக்குக் கலங்கினாள். குடிவந்த இத்தனை மாதத்தில் வீட்டுக்காரம்மாவிடம் இருந்து அவளுக்கு வந்த முதல் சொல் அது. மேலே போய்ப் பையை வைத்துவிட்டு வந்தாள். பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தது. வண்டி இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மதியம் பிள்ளை கீழே தூங்கும். ரோஜா மேலே துணி துவைப்பாள், உலை வைப்பாள். கீழே இருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். கிரீச்... கிரீச்... முன்னும் பின்னுமாக வண்டியை ஆட்டுகிற சத்தம். கூடவே ஒரு முனகல், பாட்டுப் போல. வார்த்தை இருக்காது. வீட்டுக்காரம்மா நல்லவங்கதான், வெளியே காட்டிக்க மாட்டாங்க என்று ரோஜா நினைத்துக்கொண்டாள்.

சின்னச் சின்னதாக ஏதேதோ இருந்தது. அவள் மாட்டாமல் விட்ட பெல்ட் மாட்டியிருக்கும். சுவரைப் பார்க்க நிறுத்திய வண்டி சந்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒருநாள் பிள்ளையின் உள்ளங்காலில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு. ரோஜா மை வைக்கிறவள் இல்லை. ஆனாலும் அதை அழிக்க மனசு வரவில்லை. என் பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்று நினைக்க இந்த ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஆடி போய் ஆவணி வந்தது.

அன்று மெயின்டனன்ஸ் என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். காற்றாடி இல்லை, டிவி இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி இல்லை. தெருவே வாயடைத்துக் கிடந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். மலர் வண்டியில் தூங்கினாள். வழக்கம்போலக் கேட்டாள். வழக்கம்போல "ம்" வந்தது.

மேலே ஏறியதும் மழை தூற ஆரம்பித்தது. கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளினாள். அந்த நேரம் பார்த்து பிரான்சிஸ் வீடியோ காலில் வந்தான். மாடியில் நின்றபடியே பேசினாள். கீழே கிரீச்... கிரீச்...

பேசிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

"யாரு ரோஜா பாடறது?"

"கீழ வீட்டுக்காரம்மாங்க. பாப்பாவ ஆட்டுறாங்க."

"கீழயா? உன் பக்கத்துல கேக்குது."

ரோஜா திரும்பிப் பார்த்தாள். துணி மூட்டை. ஈரக் கொடி. வேறு யாரும் இல்லை.

சிக்னல் போய்விட்டது. கால் கட்டானது.

கீழே கிரீச் சத்தமும் நின்றது.

பிறகு... கடகடவென்று சக்கரம் உருளுகிற சத்தம். சந்தில் வண்டி நகர்ந்து போகிறது. முன்பக்கமாக.

ரோஜா பயப்படவில்லை. அதுதான் இதில் கொடுமை. மழை வருகிறதென்று அம்மா பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தாள். என் பிள்ளையை... அவர்கள் வீட்டுக்குள்ளே! துணியைப் போட்டது போட்டபடி ஓடி இறங்கினாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

படிக்கு அடியில் வண்டி இல்லை.

சந்து மண் தரை. தூறலில் நன்றாக நனைந்திருந்தது. சக்கரத் தடம் அழுத்தமாகப் பதிந்து முன்பக்கம் போயிருந்தது. இரண்டு கோடு. பக்கத்தில்...

பக்கத்தில் காலடி இல்லை.

ஒன்றுகூட இல்லை.

"ம்மா?" என்றாள்.



குடிவந்த நாளில் இருந்து போகாத, தெருவில் போகும்போது திரும்பியும் பார்க்காத முன்வாசலுக்கு ஓடினாள்.

வண்டி நின்றிருந்தது. கதவைப் பார்த்து.

கதவில் பெரிய பூட்டு.

பூட்டின் மேல் ஒட்டடை. வாசல்படியில் கனமாகப் புழுதி. அதில் ஒருவர் கால் வைத்த அடையாளமும் இல்லை. கம்பிக் கதவின் இடுக்கில் நோட்டீஸ் காகிதங்கள் செருகியபடியே நிறம் வெளுத்துக் கிடந்தன. கோலம் போட்டு நாளாகியிருந்தது.

மழையில் நனைந்து வந்த வண்டி. பிள்ளை மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மலர் விழித்திருந்தாள். அழவில்லை. தலைக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஆடியது.

கிரீச்...

ரோஜா பெல்ட்டைப் பிய்த்து எடுத்த வேகத்தில் நகம் பெயர்ந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். சக்கரபாணியின் இஸ்திரி வண்டி பக்கத்தில் போய்த்தான் நின்றாள். அவர் தண்ணீர் கொடுத்தார். அங்கேயே நின்று தட்சிணாமூர்த்தியின் நம்பருக்குப் போட்டாள். அவர் எடுக்கவில்லை. ஒரு பெண் எடுத்தாள்.

"அலோ, யாரு?"

தடித்த, கரகரத்த குரல். ரோஜா அதைக் கேட்டதே இல்லை.

"மேல் வீட்டு ரோஜாங்க. வீட்டுக்காரம்மா இல்லீங்களா?"

"நான்தாம்மா ருக்கு. நாங்க விழுப்புரத்துல இருக்கோம். எங்க பொண்ணு சங்கவி மாசமா இருக்கா, அசையக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரு. ஆடி பொறந்ததுமே வந்துட்டோம். இன்னாம்மா, ஏன் அழுவற?"

ரோஜா அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் சொன்னாள். ருக்கு குறுக்கே பேசவில்லை. பிரமை என்று சொல்லவில்லை. பைத்தியம் என்று திட்டவில்லை.  போனில் ஆஸ்பத்திரிக் கூடத்தின் இரைச்சல் கேட்டது.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ... நான் அங்க இருந்தப்ப, மத்தியானத்துல படிக்கு அடியில வண்டிய ஆட்டிக்கினு இருந்தது நீ இல்லியா?"

"இல்லம்மா. நான் மேல இருப்பேன். நீங்கன்னு நெனச்சிக்கினு..."

"நான் உங்கூடப் பேசியிருக்கேனே. அடுப்பாண்ட நின்னுக்கினு, ஜாலி வழியா. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாம பேசுவேன். புள்ள பால் குடிச்சிச்சான்னு கேப்பேன். நீ 'ம்'னு சொல்லுவ."

ரோஜா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஒருநாள் கேட்டேனே, தனியா இருக்கியே, கஷ்டமா இல்லியான்னு. அதுக்கும் 'ம்'னுதான் சொன்ன."

ஐந்து மாதம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியது அந்தப் போனில்தான் முதல் தடவை.