மேவிஸ் பார்க்காத பேச்சு

கிராக்‌ஷா நெசவாலையில் தறிகள் ஓடும்போது கத்திப் பிரயோசனமில்லை. பெண்கள் உதட்டை நன்றாக விரித்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள். எதிர்த் தறிக்காரி கண்ணால் படித்துக்கொள்வாள். மேவிஸ் அட்லி பதினான்கு வயதில் ஆலைக்குள் போனவள். ஒரு கோடைக்குள் அந்தப் பேச்சு பிடிபட்டுவிட்டது. பிறகு ஆலைக்கு வெளியேயும் அதே பழக்கம்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவளிடம், பிரசங்கத்தின் நடுவே பின்பெஞ்சுக்காரியிடம் எல்லாம் உதட்டாலேயே வம்பு பேசுவாள். சண்டை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். எதிராளி என்ன சொன்னாலும் வந்து சேராது.

அவள் கணவன் ஸ்டான்லி அதே ஆலையில் தறி பழுது பார்ப்பவன். தெற்கே கார் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது, போய்விடலாம் என்றான். அவள் வரமாட்டேன் என்றாள். பெந்தெகொஸ்தே பண்டிகை ஞாயிறு, ஜெபக்கூடத்து ஊர்வலத்தன்று காலையும் அதே சண்டை. கோபமில்லாதபோது அவளைப் புள்ள என்பான், கோபத்தில் மேவிஸ். அன்று காலை முழுக்க மேவிஸ்தான். ஊர்வலத்தில், தெருவின் அந்தப் பக்கம் கசாப்புக் கடை வாசலிலிருந்து அவன் வாயசைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் மேட்டில் தீப்பிடித்தது. மேடு என்றால் ஊருக்கு மேலே மரமே இல்லாமல் கிடக்கும் புதர்வெளி. ஆண்கள் ஈரச் சாக்கும் மண்வெட்டியுமாக ஓடினார்கள். காற்று திசை மாறியது. ஸ்டான்லி திரும்பவில்லை. அன்று இரவு வீட்டில் அடுப்புக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கறி கரிக்கட்டையாகக் கிடந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலை மூடும்வரை தறியோட்டினாள். கோபத்தோடுதான் மேட்டுக்குப் போனானா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது.

ஜெபக்கூடத்தை விற்றபோது பரணில் ஒரு படச்சுருள் கிடைத்தது. அந்த ஊர்வலத்தைப் பழைய பாதிரியார் எடுத்திருந்தார். நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த கேரலைன் அதை ஊர்க் கூடத்தில் திரையிட்டாள். ஒலியில்லாத படம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்கென்னம்மா, நாங்க படிப்போம்" என்றாள் ஐவி, மேவிஸின் பழைய எதிர்த் தறிக்காரி.

படித்தார்கள். திரையில் கொடி பிடித்து வந்த ஹெட்டி, பாதிரியாரைக் கிழட்டு வாத்து என்றாள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"அடிப்பாவி, அவர்தானடி படமே எடுக்கறாரு!" என்றாள் ஐவி.

"அதனாலதான் என்னைப் பாத்தாலே மொறைச்சாரா மனுஷன்!" என்றாள் பின்வரிசையிலிருந்து ஹெட்டி.

கசாப்புக் கடை வாசல் திரையில் வந்தது. மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

ஐவி தொடையில் கிள்ளினாள். "இப்பவாவது பாருடி."

பார்த்தாள். ஸ்டான்லி தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தான். உதட்டை அகல விரித்துப் பேசினான். பேண்டு வாத்தியக்காரர்கள் குறுக்கே போக, மறைந்துவிட்டான்.

பழைய தறிக்காரிகள் வரிசையில் எல்லாத் தலையும் மேவிஸ் பக்கம் திரும்பியது.

"இவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் கேரலைன். அவளுக்கு எதுவும் தெரியாது.

"ஏ புள்ள, அடுப்ப அணைச்சியா இல்லையா, கறி தீஞ்சுடும்னு சொல்றாரு" என்றாள் மேவிஸ்.

இளசுகள் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தீஞ்சுதான் போச்சு. அந்த இடத்த இன்னொரு தடவ போடும்மா."

கேரலைன் சுருளைப் பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி கசாப்புக் கடை, தொப்பி, சிரிப்பு. இம்முறை இருட்டில் அவனைப் பார்த்து மேவிஸின் உதடுகளும் அசைந்தன, அகலமாக, சத்தமில்லாமல். ஐவி முதல் சொல்லைப் படித்துவிட்டாள். மிச்சத்தைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.